முதல் எட்டு நொடி

சொரிமுத்து,
கேட்டேன்.
முதல் தடவை ஒற்றைக் காதில் செருகிக்கொண்டு,
வீரவநல்லூரில் மீட்டர் பார்த்தபடி.
அது கணக்கில் சேராது.
பிறகு ராத்திரி, இரண்டு காதிலும்,
விளையாட்டையும் ஓட்டிக்கொண்டு.
உன் நீர்நாய் அணைக்கட்டுக்குக் கீழே
முப்பத்தோரு தடவை செத்தது.

'நல்லாருக்கு' என்று எழுதி
ஒரு கட்டைவிரலையும் நிமிர்த்தி அனுப்பியிருக்கலாம்.
உன் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள்
ஆதார் நகல் சூடாக வெளியே வரும்வரை கேட்டுவிட்டு
அதைத்தானே சொல்கிறார்கள்.
அதை வைத்துக்கொண்டு
நீ எந்தப் பொத்தானைத் திருகுவாய்?

'ஒனக்கு எதுக்கு அனுப்புதேன்னா,
நீ ரீடிங்கைக் கூட்டியும் எழுத மாட்டே
கொறச்சும் எழுத மாட்டே' என்றாய்.
சரி, எழுதுகிறேன்.

முதல் கட்டத்தில் நீர்நாய் முங்கும்போது
மேளமெல்லாம் கரையில் நின்றுவிட,
ஒரே ஒரு சுரம் மட்டும்
மங்கி, கூடவே இறங்குகிறதே,
அதைத் தொடாதே.
யார் சொன்னாலும்.
நாளைக்கு நானே மனசு மாறிச் சொன்னாலும்.

பேஸும் அடித்தாளமும்
ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற பஸ்
ஒரே சீட்டில் நெரிகிற மாதிரி இருக்கு.
ஒருத்தர் எழுந்து நிற்கட்டும்.
யாரென்று நீ பார்த்துக்கொள்.

முடிந்து மறுபடி தொடங்குகிற இடத்தில்
டொக்.
சைக்கிள் செயின் கழன்று மாட்டுகிற டொக்.
ஒரு தடவை கேட்டால் ஒன்றுமில்லை.
இருபது தடவை கேட்டால்
அதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடுகிறேன்.

ஒன்றரை நிமிடத்தில் வருகிற அந்தக் குழல் மெட்டு
அழகு.
ஆனால் விளையாடும்போது எனக்கு அது
வந்து சேரவேயில்லை.
தோற்கிறவளுக்கு உன் பாட்டு மொத்தமே எட்டு நொடி.
முப்பத்தோரு எட்டு நொடி.
அத்தனையிலும் நீ வாசலில் நின்று
செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய்.

அப்புறம் அந்த மணி.
தாளம் தப்புது,
யாரோ அரைத்தூக்கத்தில் அடித்த மாதிரி.

அனுப்பிவிட்டேன்.
மூன்று நாள் உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.
கூட்டி எழுதியிருக்கலாமோ என்று
ஒரு ராத்திரி தோன்றியது.

வியாழக்கிழமை சேரன்மகாதேவி கேட் அடைத்திருந்தது.
செங்கோட்டை வண்டி வரணும்.
வண்டியை அணைத்தேன்.
அப்போதுதான் கேட்டது,
சரியாக ஒன்பது அடி, பத்தாவது கொஞ்சம் திக்கி,
யோசித்துவிட்டு விழுகிற அடி.
உன் மணி.
இங்கேதான் நின்றிருக்கிறாய்
கைப்பேசியை நீட்டிக்கொண்டு,
பின்னால் ஐஸ் வண்டிக்காரன் திட்டத் திட்ட.

அரைத்தூக்கம் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.
மற்றதை இல்லை.
கேட்டில் நிற்கிறவளுக்குத் தெரியும்,
தண்ணிக்குள் முங்கின நீர்நாய்க்குத் தெரியுமா?
நிஜம் என்பதற்காக
ஒரு சத்தம் தாளத்தில் உட்கார்ந்துவிடாது.
பாட்டு முழுக்க அந்த மணிக்குப் பின்னால்
திக்கித் திக்கி நடக்கட்டும்,
இல்லையென்றால் மணியை எடு.
கேட் திறக்கும் முன்பே
இதையும் அனுப்பினேன்.

நேற்று வந்தது புதுசு.
'அணைக்கட்டு கடைசி இதான் ஏழு' என்று பெயர்.
ஒரு வார்த்தை இல்லை கூட.

இருட்டு.
மணி மட்டும்.
ஒன்பது அடி, நீர்நாய் காதை விறைக்கிறது,
பத்தாவது
திக்கி விழுகிற அந்த இடத்தில்
மொத்தத் தண்ணியும் உள்ளே வருகிறது.
ஏழே நொடி.

முப்பத்திரண்டாவது தடவை செத்தேன்.
முப்பத்து மூன்றாவது
வேண்டுமென்றே.

பஸ் சீட்டில் இன்னும் நெரிசல்தான்.
டொக்கும்
அப்படியே இருக்கு சொரிமுத்து,
பார்.